புல் இருந்தால் பேசுகிறான்

எங்கள் பக்கத்து வீட்டு லூசியம்மாள் வீட்டில் குக்கர் விசிலடித்து நான் கேட்டதே இல்லை. குக்கர் இல்லாமல் இல்லை. கல்யாணச் சீராக வந்தது பரண்மேல் உட்கார்ந்திருந்தது. பருப்பு பானையில்தான் வேகும். கேட்டால், "அது எந்நேரம் கத்தும்னு யாருக்குத் தெரியும்க்கா, பானைன்னா சொன்ன பேச்சு கேக்கும்" என்பாள்.

ஒரே கட்டடத்தை நடுவில் சுவர் வைத்துப் பிரித்த, சுரங்க வேலைக்காரர்களுக்கான இரண்டு குவார்ட்டர்ஸ் எங்களுடையது. நான் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து "ஏசுவே" என்று கேட்கும். அதுவும் கிசுகிசுப்பாகத்தான். நாங்கள் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவள் கடலூர்ப் பக்கம் மேல்பட்டாம்பாக்கம். கடலூர் ஜனங்களுக்குத் தொண்டை பெரிது என்று நான் நினைத்திருந்தேன். இவளைப் பார்த்துத்தான் அந்த நினைப்பை மாற்றிக்கொண்டேன்.

வந்த புதிதில் அவளும் அப்படி இல்லையாம். கோயிலில் பாட்டுக் குழுவில் முன்வரிசையில் நின்றவள். அவள் புருஷன் பவுல்ராஜ் சுரங்கத்தில், சக்கரத்தில் வாளி வாளியாகக் கட்டி மண்ணை அள்ளுமே, அந்தப் பெரிய மெஷினில் வேலை. ஒரு வாரம் காலை ஷிஃப்ட், ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் ராத்திரி. ராத்திரி வாரத்தில் காலையில் வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுத்தால் பகலெல்லாம் தூங்கவேண்டும். கல்யாணமாகி வந்த முதல் மாதம், முறத்தில் காயவைத்த மிளகாயைக் காக்கை கொத்துகிறதென்று லூசி ஒரு கத்துக் கத்தியிருக்கிறாள். பவுல்ராஜ் விழித்து உட்கார்ந்துவிட்டார். வையவில்லை. அந்த மனுஷன் வையமாட்டார். சிவந்த கண்ணோடு சுவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அன்று ராத்திரி வேலைக்குப் போனார். தூங்காத மனுஷன் அவ்வளவு உயரத்தில் ஏறி உட்காரப் போகிறாரே என்று இவள் விடிய விடிய ஜெபமாலையை உருட்டியிருக்கிறாள். அத்தோடு அவள் தொண்டை அடங்கியது.

அதற்கப்புறம் அவள் செய்ததையெல்லாம் பார்த்திருக்கிறேன். வெளிக்கதவுத் தாழ்ப்பாளில் துணி சுற்றினாள். துணியை அடித்துத் துவைக்காமல் கசக்கியே துவைத்தாள். ராத்திரி ஷிஃப்ட் வாரமென்றால் கேட்டில் ஒரு சிவப்புத் துண்டு தொங்கும். அதைப் பார்த்தால் கீரைக்காரி கத்தமாட்டாள், கோலமாவுக்காரர் மணியைக் கையில் பொத்திக்கொண்டு போவார். மற்ற வீட்டுக்காரர்களும் அதைப் பார்த்துத் துண்டு கட்ட ஆரம்பித்தார்கள். எந்த வீட்டு ஆள் எந்த வாரம் எந்த ஷிஃப்ட் என்று எங்கள் வரிசை முழுவதும் அவளுக்கு அத்துப்படி. எனக்கு எழுத்து தெரியாது, என் மகனுக்கு என்ன ஷிஃப்ட் என்பதை அவளிடம்தான் கேட்டுக்கொள்வேன். ஒரு நாளும் தப்பியதில்லை.

அவள் மகன் ஆனந்த்ராஜ் வாயை மூடிக்கொண்டு சிரிக்கப் பழகிய பிள்ளை. சின்ன வயதில் விழுந்து முட்டியில் ரத்தம் வந்தால் அழுவதற்கு எங்கள் வீட்டுக்கு ஓடிவருவான். "பெரியம்மா, இங்க அழலாமா?" என்று கேட்டுவிட்டு அழுவான். எங்கள் வீட்டில் அந்த வாரம் பகலில் யாரும் தூங்கவில்லையென்றால் அழலாம் என்பேன்.

பவுல்ராஜ் ரிட்டையர் ஆவதற்கு முன்பே நெஞ்சுவலியில் போய்விட்டார். வேலை ஆனந்துக்குக் கிடைத்தது, வீடும் அவன் பேருக்கு வந்தது. இவள் அவனுக்காகவும் அதே மாதிரி சத்தமில்லாமல் இருந்தாள். சோபியாவைக் கட்டிக்கொண்டான், ஒரு பெண் குழந்தை பிறந்தது. அப்புறம் பதவி உயர்வு வந்தது. கூடவே ராஜஸ்தான் பக்கத்துச் சுரங்கத்துக்கு மாற்றலும் வந்தது.

"கூட வாம்மா" என்று அவன் கூப்பிடாமல் இல்லை. என் காதுபடக் கூப்பிட்டான். வீட்டைக் கொஞ்ச காலத்துக்குக் கையில் வைத்துக்கொள்ள அனுமதி இருக்கிறது, அப்பாவின் கல்லறை இங்கே இருக்கிறது, அந்த ஊர் வெயில் ஆகாது என்று இவள் என்னென்னவோ சொன்னாள். கடைசியில், "எனக்கு யாரும் தொணை வேணாம்ப்பா. டூட்டிய பாரு" என்று முடித்துவிட்டாள். அவர்கள் கிளம்பிய அன்று கேட்டில் நின்று குழந்தைக்குக் கையாட்டினாள். ஆட்டோ திரும்பியதும் உள்ளே போய் முற்றத்தைக் கூட்டினாள். காலையில்தான் கூட்டியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வரும். சுவருக்கு இந்தப் பக்கம் அவள் பேசுவது எனக்குக் கேட்கும், அவன் பேசுவதை நானே சேர்த்துக்கொள்வேன்.

"சாப்ட்டியாம்மா?"

"ஆச்சுப்பா. நீ?"

"ஆச்சும்மா. ஒடம்பு?"

"நல்லாத்தான் இருக்கறன். புள்ள?"

"நல்லாருக்குது. வெச்சிடட்டா?"

"வெச்சிடுப்பா."

அவ்வளவுதான். அந்தப் போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் சத்தமே இருக்காது. மற்றவர்கள் வீட்டில் சத்தம் இல்லையென்றால் ஆள் இல்லையென்று அர்த்தம். அவள் வீட்டில் அப்படிச் சொல்ல முடியாது.

அந்த வருஷம் ஐப்பசி மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் முன்னால் நல்ல அகலமான இடம் உண்டு. எங்கள் பக்கம் நான் கத்திரி, வெண்டை போட்டிருக்கிறேன். அவள் பக்கம் பவுல்ராஜ் ஆசையாக வளர்த்த புல்தரை. ஆனந்து இருந்தவரை லீவு நாளில் குத்தவைத்து உட்கார்ந்து அரிவாளால் ஒட்ட அறுப்பான். ஆள் போனபிறகு யார் அறுப்பது? அருகும் கோரையும் தொட்டாற்சுருங்கியும் கலந்து முழங்காலுக்கு வந்தது, முழங்காலைத் தாண்டியது. மயில் ஒன்று உள்ளே போனால் கழுத்து மட்டும் தெரியும்.

என் மருமகள் சங்கீதாதான் முதலில் கத்தினாள். அந்தப் புல்லிலிருந்து ஒரு விரியன் எங்கள் துணி காயப்போடும் இடத்துக்கு வந்து, திரும்பிப் போனதாம்.

"அத்தை, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா? பாம்புப் பண்ணை வச்சிருக்காங்க அந்தம்மா!"

"நான் சொல்றேன். நீ சொன்னா சண்டையாயிடும்."

"நீங்க சொன்னா?"

"நான் சொன்னா வேலை நடக்கும்."

நான் அப்படித்தான். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டேன். லூசியிடம் போனேன். "ஆள வச்சு வெட்டிடலாமே லூசி" என்றேன். "பாக்கலாம்க்கா" என்றாள். மறுநாள் கேட்டேன். "ஈரம் காயட்டும்க்கா." ஈரம் காய்ந்தது. புல் அறுக்க வரும் பொம்பளைகள் இரண்டு பேரை நான் கூட்டிவந்தேன், மாட்டுக்கு எடுத்துக்கொண்டு போகிறோம் என்று சும்மாவே அறுக்கத் தயாராக இருந்தார்கள். "தொட்டாச்சுருங்கி கலந்து இருக்குது, மாட்டு வாயி கிழிஞ்சிடும் பாவம்" என்று அனுப்பிவிட்டாள். மருந்தடித்துக் கருக்கிவிடலாம் என்று சங்கீதா சொன்னாள். லூசி பார்த்த பார்வையில் சங்கீதா உள்ளே வந்துவிட்டாள்.

சரி, நாமே முடித்துவிடுவோம் என்று மந்தாரக்குப்பத்திலிருந்து மாடசாமியை வரச்சொன்னேன். தோளில் மாட்டிக்கொண்டு வெட்டும் பெட்ரோல் மெஷின் வைத்திருக்கிறவன். அரை நாளில் மொட்டையடித்துவிடுவேன் என்றான். கயிற்றை இழுத்தான். அது "டர்ர்" என்று கிளம்பியதும் லூசி உள்ளேயிருந்து ஓடிவந்தாள். இரண்டு கையையும் ஆட்டினாள். மெஷின் நின்றது.

"பக்கத்து வூட்டுல வெங்கடேஷ் தம்பி நைட்டு முடிச்சிட்டு வந்து தூங்கிகினு இருக்குது. இப்பப் போயி இத ஓட்டறியே!"

டவுன்ஷிப்பில் இந்தப் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. கல்யாண வீட்டில் சொன்னால் மேளம்கூட நிற்கும். மாடசாமி நாக்கைக் கடித்துக்கொண்டான். "தெரியாதுங்க ஆயா, நீங்க சொல்லலியே?" என்று என்னைக் குற்றம் சொல்லிவிட்டு மெஷினைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டான். நானும், அடடா, நம் பிள்ளை தூக்கத்தை நாமே கெடுக்கப் பார்த்தோமே என்று காலைப் பையப் பைய வைத்து வீட்டுக்குள் வந்தேன். கட்டிலைப் பார்த்தால் பாயும் தலையணையும் மடித்துக் கிடக்கிறது. வெங்கடேஷ் விடிவதற்கு முன்னாலேயே காலை ஷிஃப்டுக்குப் போனவன். டிபன் கட்டிக்கொடுத்ததே நான்தான்!

என் பிள்ளை ஷிஃப்டை நானே மறந்தேன், அது பெரிய விஷயமில்லை. லூசி தப்பாகச் சொல்கிறாள் என்றால்? வரிசை முழுவதற்கும் கணக்கு வைத்திருப்பவள்?

சாயங்காலம் போனேன். வாசல்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன்.

"லூசி, இந்த வாரம் என் மகனுக்கு என்ன ஷிஃப்ட்?"

கீரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"காலைலங்க்கா."

"அப்ப அந்தப் பய மாடசாமிகிட்ட ஏன் அப்படிச் சொன்ன?"

"புல்லு இருக்கட்டும்க்கா."

"யாருக்கு? பாம்புக்கா?"

சிரிக்கவில்லை. ஒரு காம்பை உருவி, இன்னொரு காம்பை உருவி, அப்புறம் சொன்னாள்.

"புல்லு இருந்தா பேசறான்க்கா."

எனக்கு விளங்கவில்லை. அவளே மெதுவாகச் சொன்னாள். மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, வைத்துவிடட்டுமா என்று அவன் கேட்கும் நேரத்தில், வேறு ஒன்றும் தோன்றாமல் "புல்லு முழங்காலுக்கு வந்துட்டுதுப்பா" என்றிருக்கிறாள். அவன் போனை வைக்கவில்லை. எந்தப் பக்கம் அதிகம், கொய்யா மரத்தடியிலும் இருக்கிறதா, செருப்புப் போடாமல் இறங்காதே, ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு போ, அப்பா அந்த மூலையில் வைத்த புல் இன்னும் இருக்கிறதா, நானும் அப்பாவும் அங்கே பந்து விளையாடுவோமே, அப்பா சத்தமில்லாமல் கோல் என்று கையைத் தூக்குவாரே என்று பேசிக்கொண்டே போனானாம். அடுத்த வாரமும் முதல் பேச்சே புல்தான்.

"நான் வந்து அறுத்துத் தர்றம்மான்னு ஒரு வார்த்த சொன்னான்க்கா. எப்பன்னு சொல்லல. அறுத்துட்டா, அப்புறம் அவன் எதுக்கு வருவான்?"

"அட கூறுகெட்டவளே! வாடான்னு சொல்லவேண்டியதுதான? பெத்த தாய்க்கு அந்த உரிமை இல்லையா?"

"டூட்டிக்குப் போற ஆம்பளய வான்னு கூப்பிட்டுப் பழக்கமில்லீங்க்கா. அவங்கப்பாவயே கூப்பிட்டதில்ல. போன்னுதான் சொன்னன். இப்ப எந்த மூஞ்ச வெச்சிகினு வான்னு சொல்றது?"

முறத்திலிருந்த கீரை முழுவதும் ஆய்ந்து முடிக்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் சங்கீதாவிடம், "அந்தப் புல்லை யாரும் தொடக்கூடாது" என்றேன்.

"அத்தை! காலைல மெஷினைக் கூட்டிட்டு வந்ததே நீங்கதானே?"

"காலைல காலைல. இப்ப இப்ப."

"பாம்பு?"

"நம்ம பக்கத்து வேலியோரம் பூண்டத் தட்டிப் போடு. வராது."

பூண்டுக்குப் பாம்பு வராதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து அந்தப் புல்லுக்கு நானே காவல். வெங்கடேஷ் அரிவாளை எடுத்துக்கொண்டு, "நான் அரைமணி நேரத்துல அறுத்துடறேம்மா" என்று கிளம்பினான். "ஒம் பொண்டாட்டிக்கு ஒருநாளு காய் நறுக்கிக் குடுத்திருக்கியா, ஊர்ப் புல்லை அறுக்கப் போறியாக்கும்" என்று மடக்கி உட்காரவைத்தேன். சங்கீதா அன்று எனக்கு ஒரு டம்ளர் காப்பி கூடவே கொடுத்தாள்.

ஆனால் மகனுக்குத் தாய் மனசு புரிந்துவிட்டால் உலகத்தில் பாதிக் கதை இல்லாமல் போய்விடுமே. புல் இடுப்புக்கு வந்துவிட்டது என்று லூசி சொன்ன வாரத்துக்கு அடுத்த வாரம், ஒரு கூரியர் வண்டி வந்து நின்றது. இரண்டு பேர் தூக்கும் பெரிய அட்டைப்பெட்டி. மேலே படம் போட்டிருந்தது. சக்கரம் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் கரண்டு மெஷின். புல் வெட்ட.

பெட்டியை வாசலில் வைத்துவிட்டு வண்டி போனது. லூசி அதைச் சுற்றி ஒருமுறை வந்தாள்.

"புள்ள வரும்னு பாத்தா பொட்டி வந்திருக்குது" என்றாள்.

அன்றைக்குத்தான் அவள் கண் கலங்கிப் பார்த்தேன். பவுல்ராஜ் சாவில்கூட மற்றவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தவள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் போனில் படம் தெரிகிற மாதிரி கூப்பிட்டான். போனை நான் பிடித்துக்கொண்டேன். "பெரியம்மா, கொஞ்சம் கீழ காட்டுங்க. அது வானம், பெரியம்மா. கீழ, கீழ" என்று சிரித்தான். வாயை மூடிக்கொண்டு அதே சிரிப்பு. கைப்பிடியை எங்கே மாட்டுவது, திருகாணியை எந்தப் பக்கம் திருகுவது, ஒயரைத் தோள்மேல் போட்டுக்கொண்டு எப்படித் தள்ளுவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். இடுப்புயரப் புல்லை மெஷின் தாங்காது, ஒருமுறை அரிவாளால் மேலோட்டமாக அறுத்துவிட்டுத்தான் ஓட்டவேண்டும் என்றான். அதை லூசியே அறுத்தாள். நான் அள்ளிப் போட்டேன். இரண்டு கிழவிகளும் வேலை செய்வதை அந்தப் பிள்ளை அங்கிருந்து பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் மகள் நடுவில் வந்து, "அது யாரு தாத்தாவா?" என்று என்னைக் காட்டிக் கேட்டாள். என் மண்டையில் துண்டு கட்டியிருந்தேன்.

அப்புறம் லூசி ஸ்விட்சைப் போட்டாள், கைப்பிடியோடு இருந்த கம்பியைச் சேர்த்துப் பிடித்தாள். மெஷின் இரைந்தது. தள்ளினாள். கொய்யா மரத்திலிருந்து கேட்வரை ஒரு வரிசை, நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. முதல் தடவையே! வியர்த்த முகத்தோடு திரும்பினாள்.

"அவ்ளோதாம்மா! சூப்பரு!" என்று ஆனந்து கைதட்டினான். "இனிமே ஒனக்கு யாரு தயவும் வேணாம்!"

லூசி கையை எடுத்தாள். மெஷின் நின்றது. அந்தக் கம்பியை விட்டால் நின்றுவிடும், அதைப் பிடித்திருக்கவேண்டும் என்று அவன் முதலிலேயே சொல்லியிருந்தான்.

"நின்னுடுச்சுப்பா" என்றாள். "என்னான்னு தெரியல."

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"ஸ்விட்சு போட்டியா? கம்பியப் புடிச்சியா?"

"எல்லாம் புடிச்சிகினுதான் இருக்கறன். கெளம்பலியே."

"சரிம்மா, சூடாயிருக்கும். இருக்கட்டும். அடுத்த வாரம் பாப்போம்."

அடுத்த வாரம் ஒரு வரிசை. அதற்கடுத்த வாரம் அரை வரிசை. ஒருநாள் ஒயர் எட்டவில்லை, ஒருநாள் சக்கரத்தில் கோரை சிக்கிக்கொண்டது. முதலில் வெட்டிய இடத்தில் அதற்குள் மறுபடி முளைத்துவிடும். பாதி சிரைத்துவிட்டு நாவிதர் எழுந்துபோன தலை மாதிரி இருந்தது அந்த முன்வாசல். போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். எங்கள் வரிசையில் எந்த வீட்டிலும் ஆள் தூங்காத நேரம் பார்த்துத்தான் அவள் மெஷினை எடுப்பாள், அதில் மட்டும் பொய் கிடையாது. போன் பிடிப்பது என் வேலை. கை வலிக்கும். மாற்றிப் பிடித்துக்கொள்வேன். அந்த நேரத்தில் அவள் பேசுவதைக் கேட்கவேண்டுமே! "இது சுத்தலப்பா, அது இழுக்குதுப்பா, இங்கப் பாரு, இதென்ன பூவு, பாத்தியா, ஒனக்கு இது பேரு தெரியுமா" என்று வாய் ஓயாது. இத்தனை வருஷம் பேசாததையெல்லாம் புல்மேல் வைத்துப் பேசினாள்.

கிறிஸ்மஸ் வந்தது, போனது. அவன் வரவில்லை. ஆள் குறைவு, லீவு கிடைக்கவில்லை என்றான். "டூட்டிய பாருப்பா" என்றாள். குழந்தைக்குக் கவுன் பார்சல் அனுப்பினாள்.

பொங்கல் கழிந்த ஞாயிறு. வழக்கம்போல அவன் கூப்பிட்டான், நான் போனைப் பிடித்தேன். லூசி மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து, "கைப்பிடி ஆடுதுப்பா, பாரு" என்று கிட்டே வந்தவள், பேச்சை நிறுத்திவிட்டாள். போனைப் பிடுங்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எட்டிப் பார்த்தேன். அவன் எப்போதும்போல் சட்டை போட்டுச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பின்னால் ஜன்னல். பட்டப்பகலில் ஜன்னலில் கறுப்புப் போர்வையை ஆணியடித்து மாட்டியிருந்தது.

ஷிஃப்டுக்காரன் வீட்டுப் பொம்பளைக்கு அதை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. வெளிச்சத்தை அடைத்து யாரையோ தூங்கவைக்கப் பார்க்கிறாள் சோபியா. அப்புறம்தான் அவன் கண்ணைப் பார்த்தேன். நெருப்பு.

"ஒனக்கு எந்த ஷிஃப்டு?" என்றாள் லூசி.

"பகல் டூட்டி, ஜெனரல்தாம்மா..."

"ஆனந்து."

அவன் தலையைக் குனிந்தான். "நைட்டு" என்றான்.

"எப்ப வந்த?"

"இப்பதாம்மா, கொஞ்ச நேரம் முன்னால."

சோபியாவின் குரல் பின்னாலிருந்து கேட்டது. "நைட்டு வாரமெல்லாம் இப்படித்தான் அத்த. காலைல வந்தா படுக்கறதே இல்ல. அம்மாவுக்குப் புல்லு வெட்டணும்னு உக்காந்துடறாரு. நானு சொல்லவேணாம்னுதான் இருந்தன்."

இங்கே ஒரு தெருவையே வாயைப் பொத்தித் தூங்கவைத்தவள் லூசி. அங்கத்து ஷிஃப்ட் கணக்கு மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை, இவனும் சொல்லவில்லை.

"எனக்கு இத ஓட்டத் தெரியும்" என்றாள். "மொத நாளே தெரியும். கம்பிய நான்தான் வுட்டன்."

"தெரியும்மா."

"என்னா தெரியும்?"

"மொத வரிச அவ்ளோ நேரா போச்சே. அப்பவே தெரியும்."

"அப்புறம் ஏன்டா கண்ணு முழிச்சிகினு உக்காந்து இருக்கற? போயி தூங்க வேண்டியதுதான?"

"நீ கூப்ட்டியேம்மா" என்றான். "நீ என்னிக்கும்மா என்னை எதுக்காவது கூப்ட்டிருக்க?"

நான்தான் அவளை முழங்கையால் இடித்தேன். சொல்லடி, சொல்லித் தொலையடி என்று. அவள் மெஷினின் கைப்பிடியை ஒரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"புல்லுக்கு ஒண்ணும் இல்லப்பா. புல்ல நானே பாத்துக்குவன்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "நீ ஒருவாட்டி வந்துட்டுப் போ. புள்ளயயும் இட்டுகினு வா. எனக்கு ஒன்னப் பாக்கணும்."



"லீவு கேக்கறம்மா" என்றான். "எப்ப தருவாங்கன்னு தெரியல. கேக்கறன்."

"கேளு. இப்பப் போயி படு."

"வெச்சிடட்டா?"

"வெச்சிடு. படு."

போனை என்னிடம் கொடுத்துவிட்டு அவள் மெஷின் பக்கம் திரும்பினாள். "வெங்கடேஷ் தம்பி மத்தியான ஷிஃப்டு. முழிச்சிகினு இருக்குமில்ல?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஸ்விட்சைப் போட்டாள்.

அன்றைக்கு முழுவதையும் வெட்டினாள். ஒரு வரிசை போய், திரும்பி, ஒட்டினாற்போல் அடுத்த வரிசை. கொய்யா மரத்தைச் சுற்றி, பவுல்ராஜ் புல் வைத்த மூலை, கேட்டோரம், ஒயர் எட்டாது என்று சொன்ன இடமெல்லாம் எட்டியது. உச்சி வெயிலில் நான் மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்று குடித்துவிட்டு மறுபடியும் தள்ளினாள். வெட்டின புல் வாசம் எங்கள் வீட்டு அடுப்படி வரைக்கும் வந்தது. சங்கீதா வெளியே வந்து பார்த்துவிட்டு, "ஏன் அத்தை, இத்தனை நாள் இதைச் செய்திருக்கலாம்ல?" என்றாள். "செய்திருக்கலாம்தான்" என்றேன்.

இதெல்லாம் நடந்து இப்போது சித்திரை ஆகிவிட்டது. லீவு எழுதிக் கொடுத்திருக்கிறான். ஒருமுறை தள்ளிப்போட்டார்கள், மறுபடி எழுதிக் கொடுத்திருக்கிறான். சோபியா ரயிலில் இடம் போட்டுவைத்து, அதையும் ரத்து செய்தாள். கோடை மழைக்குப் புல் தலைதூக்கினால் லூசி வெட்டிவிடுகிறாள், அவனிடம் சொல்வதில்லை. போன் வரும் கிழமையும் மாறிவிட்டது. அவன் தூங்கி எழுந்த நேரமாகப் பார்த்துக் கூப்பிடச் சொல்லிவிட்டாள். புல் இல்லாமல் பேச இரண்டு பேருக்கும் இன்னும் சரியாக வரவில்லை. நடுநடுவே பேச்சு நின்றுபோகிறது. ஆனாலும் யாரும் வைத்துவிடட்டுமா என்று உடனே கேட்பதில்லை.

நேற்றுக்கூடச் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது.

"எப்பப்பா வர்ற?"

அவன் என்ன சொன்னானோ தெரியாது. கொஞ்ச நேரம் பொறுத்து அவள் மறுபடியும் கேட்டாள்.

"அது சரி, எப்ப வர்ற?"